வெண்டர் கோடு இருக்கா?

கொண்டலாம்பட்டிப் பக்கம் ஆறு தையல் மெஷின் போட்டு, தொழிற்சாலைகளுக்கான துணிக் கையுறை தைக்கும் அக்கா ஒருவர் போன ஆடி மாதம் என்னிடம் வந்தார். கையில் மஞ்சப்பை, அதற்குள் நான்கு ஜோடி கையுறை. ஒரு பெரிய தொழிற்சாலையின் கேட்டில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு நேராக வந்திருந்தார். செக்யூரிட்டி கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "வெண்டர் கோடு இருக்கா?"

"இல்லைன்னு சொன்னேங்ண்ணா. அப்படின்னா உள்ள யாரையும் பாக்க முடியாதும்மான்னு அனுப்பிட்டாங்க. உள்ள போகாம எப்படி கோடு வாங்கறது, கோடு இல்லாம எப்படி உள்ள போறது?"

நியாயமான கேள்வி. பதினோரு வருடம் நான் அந்த மாதிரி ஒரு கேட்டுக்கு உள்பக்கம், பர்சேஸ் பிரிவில் உட்கார்ந்திருந்தேன். இப்போது வெளிப்பக்கம் நிற்பவர்களுக்குக் காகிதம் சரிபார்த்துக் கொடுக்கிறேன். அவர் என்னை அண்ணா என்கிறார், நான் அவரை அக்கா என்கிறேன். யார் மூத்தவர் என்பது இன்னும் தீரவில்லை. அவருக்கு அன்றைக்கும் அதற்குப் பின்னும் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெரிய நிறுவனம் எதையும் கடைக்குப் போய்க் காசு நீட்டி வாங்குவதில்லை. யாரிடமெல்லாம் வாங்கலாம் என்று அவர்கள் கணினியில் ஒரு பட்டியல் இருக்கும். பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அந்த எண்தான் வெண்டர் கோடு. எண் இல்லாமல் பர்சேஸ் ஆர்டர் அடிக்க முடியாது. ஆர்டர் இல்லாமல் சரக்கை கேட்டில் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லாமல் பில் பாஸ் ஆகாது. முதலாளியே உங்கள் கையுறையைப் போட்டுப் பார்த்து "பிரமாதம்" என்று சொன்னாலும், எண் ஏறும்வரை அவராலும் ஒரு ஜோடி வாங்க முடியாது.

அக்கா கேட்ட கோழியா முட்டையா கேள்விக்கு விடை இதுதான்: கேட் வழியாகப் போகாதீர்கள், தேவை வழியாகப் போங்கள். கையுறை வேண்டும் என்று முதலில் எழுதிக் கொடுப்பது பர்சேஸ் பிரிவு இல்லை. பாதுகாப்பு அதிகாரியோ, ஸ்டோர்ஸ் பொறுப்பாளரோ, மெயின்டனன்ஸ் சூப்பர்வைசரோதான் எழுதுவார். இப்போது வருகிற கையுறை பத்து நாளில் கட்டைவிரல் பக்கம் பிரிந்துவிடுகிறது என்று அவர் அலுத்துக்கொண்டிருந்தால், உங்களுக்கு அங்கே ஒரு வேலை இருக்கிறது. அவரை எப்படிப் பிடிப்பது? அந்தத் தொழிற்சாலைக்கு வேறு பொருள் கொடுக்கும் ஆள், அங்கே வேலை பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளி, சிறுதொழில் சங்கத்தின் கூட்டம், மாவட்டத் தொழில் மையம் ஏற்பாடு செய்யும் வாங்குவோர் விற்போர் சந்திப்பு, இப்படி ஏதாவது ஒரு நூல் கிடைக்கும். பெரும்பாலான நிறுவனங்களின் இணையதளத்திலும் சப்ளையர் பதிவுக்கு ஒரு படிவம் இருக்கும். அதை நிரப்பி வையுங்கள், தப்பில்லை. ஆனால் படிவத்தை மட்டும் நிரப்பிவிட்டுக் காத்திருப்பது, கிணற்றில் வாளியை விட்டுவிட்டுக் கயிறைக் கட்டாமல் வந்த மாதிரி.

பர்சேஸ்காரருக்கு எதில் பயம்

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் சொல்வார்கள்: "அவங்களவிட ரெண்டு ரூபா கம்மியா தர்றேன் சார்." நான் நாற்காலியில் இருந்த காலத்தில் இந்த வாக்கியத்தை வாரத்துக்கு மூன்று முறையாவது கேட்டிருப்பேன். கேட்டவுடன் எனக்குச் சந்தோஷம் வராது, சந்தேகம்தான் வரும்.

காரணம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு பம்புக்கான கேஸ்கெட்டைப் புது ஆளிடம் விலை குறைவு என்று ஆர்டர் போட்டேன். திங்கட்கிழமை வரவேண்டிய சரக்கு வரவில்லை. செவ்வாய்க்கிழமை ஒரு லைன் நான்கு மணி நேரம் நின்றது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். மிச்சம் பிடித்தது எவ்வளவு என்று அவர் கேட்கவே இல்லை. "யாரைக் கேட்டு இவன்கிட்ட வாங்கின?" என்றுதான் கேட்டார். அன்றிலிருந்து எனக்கு விலை இரண்டாவதுதான். முதலாவது, நாளைக்கு ஏதாவது கோளாறானால் என் மேசையில் என்ன காகிதம் இருக்கும் என்பது.

இதைப் புரிந்துகொண்டால் மீதியெல்லாம் சுலபம். ஃபாரத்தில் கேட்கும் ஒவ்வொன்றும் அந்தப் பயத்துக்கான மருந்து. பான் அட்டை, ஜிஎஸ்டி சான்று, குறு, சிறு நிறுவனம் என்பதற்கான உத்யம் சான்று, ரத்து செய்த காசோலை, இரண்டு மூன்று வருட வருமான வரிக் கணக்கு, மெஷின்களின் பட்டியல், இப்போது யாருக்கெல்லாம் சப்ளை செய்கிறீர்கள் என்ற விவரம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருந்தால் இஎஸ்ஐ, இருபது பேர் ஆனால் பிஎஃப். பிறகு நேரில் வந்து பார்ப்பார்கள். மெஷின் உண்மையிலேயே இருக்கிறதா, வேறு எங்கேயோ வாங்கி உங்கள் பெயரில் பில் போடுகிறீர்களா என்று பார்க்கத்தான் அந்த வருகை. அப்புறம் சாம்பிள், அப்புறம் சின்னதாக ஒரு டிரையல் ஆர்டர்.

இதில் நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் இடறுவது எங்கே தெரியுமா? பெயரில். ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கும். பானில் அதே இனிஷியல் விரிந்து அப்பா பெயராகப் பின்னால் நிற்கும். கடைப் பலகையில் ஸ்ரீ முருகன் டெய்லரிங், வங்கிக் கணக்கில் முருகன் கார்மென்ட்ஸ், ஜிஎஸ்டியில் வேறு ஸ்பெல்லிங். பார்க்கிறவருக்கு இவர்கள் நான்கு பேர். அக்காவின் கோப்பில் இதைச் சரிசெய்யவே ஐந்து வாரம் ஆனது. தையல் தெரியாமல் போகவில்லை, முடங்கியது இதில்தான். எனவே முதல் வேலையாக எல்லாக் காகிதத்தையும் மேசையில் பரப்பி, எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள்.

உத்யம் பதிவு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பதிவு இது. பழைய உத்யோக் ஆதாருக்குப் பதிலாக வந்தது. ஆதாரும் பானும் போதும், அரசு தளத்தில் நீங்களே செய்யலாம், ஒரு பைசா கட்டணம் இல்லை. இரண்டாயிரம் கொடுத்தால் எடுத்துத் தருகிறோம் என்று பலகை வைத்திருப்பவர்களைக் கண்டால் நடையைக் கட்டுங்கள். 2025 ஏப்ரல் முதல் அளவுகோல் உயர்ந்திருக்கிறது: மெஷினில் போட்ட முதலீடு இரண்டரைக் கோடிக்குள், வருட விற்பனை 10 கோடிக்குள் இருந்தால் குறு நிறுவனம், முதலீடு 25 கோடி, விற்பனை 100 கோடி வரை சிறு நிறுவனம். அக்காவைப் போன்றவர்கள் எல்லோரும் குறு நிறுவனம்தான். வாங்கி விற்கும் வியாபாரிகளும் பதிவு செய்யலாம், ஆனால் அவர்களுக்கு வங்கிக் கடன் முன்னுரிமை மட்டும்தான். கீழே சொல்லப்போகும் பணப் பாதுகாப்பும் டெண்டர் சலுகையும் தயாரிப்பவர்களுக்கும் சேவை கொடுப்பவர்களுக்கும் மட்டும்.

ஜிஎஸ்டி இன்னொரு முடிச்சு. தமிழ்நாட்டில் சரக்கு விற்பவருக்கு வருட விற்பனை 40 லட்சத்தைத் தாண்டும்வரை பதிவு கட்டாயமில்லை. ஒன்றரைக் கோடி வரை, விற்பனையில் ஒரு சிறு பங்கை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் என்ற எளிய வழியும் உண்டு. தெருக்கடைக்கு இரண்டும் நல்லவை. பெரிய நிறுவனத்துக்கு சப்ளை செய்ய நினைப்பவருக்கு இரண்டும் இடைஞ்சல். நீங்கள் துணி வாங்கும்போது கட்டிய வரி உங்கள் விலைக்குள் ஒளிந்து உட்கார்ந்துவிடும். வாங்குகிறவரால் அதை வரவு எடுக்க, அதாவது தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியாது. தவிர, இந்த இரண்டு வகையிலும் சரக்கை வெளிமாநிலத்துக்கு விற்கக் கூடாது. ஓசூர் வரை போகலாம், அத்திப்பள்ளியைத் தாண்ட முடியாது. ஆகவே சாதாரண ஜிஎஸ்டிப் பதிவு எடுத்துவிடுங்கள். எடுத்த பிறகு கெடு தவறாமல் ரிட்டர்ன் போட வேண்டும். நீங்கள் போடாவிட்டால் வாங்கியவரின் கணக்கில் வரவு தெரியாது. தெரியும்வரை அவர்கள் பில்லில் வரிப் பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். நானே எத்தனையோ பில்லில் பிடித்திருக்கிறேன்.

பதினெட்டு ரூபாய்க் கணக்கு

அக்காவின் நோட்டைத் திறந்து பார்த்தேன். ஜோடிக்கு 18 ரூபாய், வரி தனி, என்று கொட்டேஷன் கொடுப்பதாக இருந்தார். கணக்கு சுத்தமாகத்தான் போட்டிருந்தார். துணி 9, கூலி 4, நூலும் எலாஸ்டிக்கும் 1, வாடகையும் மின்சாரமும் ஒன்றரை, பேக்கிங் 1. ஆக 16 ரூபாய் 50 காசு. லாபம் ஒன்றரை ரூபாய்.

"இதுல வண்டி வாடகை எங்கக்கா?"

"அது நான் ஸ்கூட்டிலயே கொண்டு போயிருவேன்."

மாதம் மூவாயிரம் ஜோடி ஸ்கூட்டியில் போகாது. மினி ஆட்டோ வைத்தால் ஜோடிக்கு 40 காசு. நூறு ஜோடியில் மூன்று ரிஜெக்ட் ஆகும் என்று வைத்துக்கொள்வோம்; திரும்பி வந்ததை வேறு யாரும் வாங்க மாட்டார்கள். அது ஜோடிக்கு 50 காசு. அப்புறம் வட்டி. துணி வாங்கித் தைத்து அனுப்பப் பதினைந்து நாள், பில் கொடுத்த பிறகு பணம் வர நாற்பத்தைந்து நாள், மொத்தம் இரண்டு மாதம். அக்கா வெளியில் இரண்டு வட்டிக்கு வாங்கித்தான் துணி எடுக்கிறார். பதினாறரை ரூபாய்க்கு இரண்டு மாத வட்டி 66 காசு. மூன்றையும் கூட்டினால் 1 ரூபாய் 56 காசு.

லாபம் ஒன்றரை. செலவு ஒன்று ஐம்பத்தாறு. ஜோடிக்கு ஆறு காசு நட்டம். மாதம் மூவாயிரம் ஜோடி தைத்தால் 180 ரூபாய் கைக்காசு போட்டுத் தொழிற்சாலைக்குத் தானம் செய்கிறார்.

அக்கா கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "லோக்கல் கடைக்குப் பதினேழுக்கே கொடுக்கறனே" என்றார். கடைக்காரர் சனிக்கிழமை காசு கொடுத்துவிடுகிறார், கோணலாக இருப்பதையும் எடுத்துக்கொள்கிறார். ஆகவே அந்தப் பதினேழும் இந்தப் பதினெட்டும் ஒரே ரூபாய் இல்லை.

இன்னொன்றையும் அந்த நோட்டிலேயே போட்டுக் காட்டினேன். மூவாயிரம் ஜோடி, பதினாறரை ரூபாய், இரண்டு மாதம்: முதல் செக் வருவதற்கு முன் கிட்டத்தட்ட ஒரு லட்சம் ரூபாய் வெளியில் நிற்கும். அந்த ஒரு லட்சம் எங்கிருந்து வரும் என்று தெரியாமல் ஆர்டர் வாங்கியவர்கள்தான், ஆர்டர் கிடைத்த ஆறாவது மாதம் மெஷினை விற்கிறார்கள். நான் இதைக் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. உள்ளே உட்கார்ந்து அவர்களுடைய பில்லைத் தள்ளிப்போட்ட ஆட்களில் நானும் ஒருவன்.

கடைசியில் கொட்டேஷன் 19 ரூபாய் 25 காசுக்குப் போனது. கட்டைவிரலில் இரட்டைத் தையல் என்று ஒரு வரியும் சேர்த்தோம்.

நாற்பத்தைந்து நாள்

2006-ஆம் வருடத்து குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் என்ற ஒன்று இருப்பது நம் ஊரில் பலருக்குத் தெரியாது. அதன்படி, குறு அல்லது சிறு நிறுவனத்திடம் சரக்கோ சேவையோ வாங்கியவர் ஒப்புக்கொண்ட தேதிக்குள் பணம் கொடுக்க வேண்டும். அந்தத் தேதியும் சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். ஆர்டரில் 90 நாள் கிரெடிட் என்று அச்சடித்திருந்தாலும் சட்டத்தின் முன் அது நிற்காது. சரக்கில் குறை இருந்தால் வாங்கியவர் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இறக்கிய நாளே ஏற்ற நாள்.

தவறினால் வட்டி. சாதாரண வட்டி இல்லை, ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. பேங்க் ரேட் ஐந்தரை விழுக்காடு என்றால் இது பதினாறரை. பணம் வராவிட்டால் மத்திய அரசின் இணையதளத்தில் புகார் போடலாம். அது இப்படிப்பட்ட பாக்கி வழக்குகளைத் தீர்க்கும் மாநில வசதிக் குழுவுக்குப் போகும். குழு உங்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லி, நிறுவனம் அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனால், தொகையில் 75 விழுக்காட்டைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். பல்லுள்ள சட்டம்தான்.

ஆனால் உள்ளதைச் சொல்கிறேன்: புகார் போட்ட பிறகு அந்த நிறுவனத்தில் உங்களுக்கு அடுத்த ஆர்டர் வராது. அதனால் பெரும்பாலானோர் போடுவதில்லை. உறவு முறிந்தபிறகு நிலுவையை மீட்க எடுக்கும் ஆயுதம் அது. அன்றாடத்துக்கு உதவுவது வேறொன்று. 2023-24 கணக்கு ஆண்டிலிருந்து வருமான வரிச் சட்டத்தில் ஒரு விதி வந்தது: குறு, சிறு நிறுவனத்துக்கு அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத பணத்தை, கொடுக்கும் வருடம் வரை வாங்கியவர் செலவாகக் காட்ட முடியாது. அதாவது உங்களுக்குத் தராமல் வைத்திருக்கும் ஒரு லட்சம் அவருடைய லாபம் மாதிரி நின்று அதற்கு வரி விழும். இப்போது உங்களுக்காகப் பேசுவது அவர்களுடைய ஆடிட்டரே. மார்ச் மாதம் ஆனால் அக்கவுன்ட்ஸ் பிரிவு தானாகவே போன் செய்து உத்யம் எண்ணைக் கேட்கிறது. இதைக் கண்டு மிரண்டு, பதிவில்லாதவர்களிடமே வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தவர்களும் உண்டு. அப்படி நினைக்கிற நிறுவனம் பணத்தை எப்போது தரும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

செய்ய வேண்டியது சின்ன வேலை: பில்லின் தலைப்பிலேயே உத்யம் எண்ணை அச்சடியுங்கள். முதல் சப்ளைக்கு முன்பே பதிவை முடித்துவிடுங்கள். பணம் முடங்கிய பிறகு பதிவு செய்து பழைய பில்லுக்கு உரிமை கேட்டால் வழக்கறிஞருக்குத்தான் வேலை.

டிரெட்ஸ் என்று இன்னொரு ஏற்பாடு உண்டு. நிறுவனம் ஏற்றுக்கொண்ட பில்லை இந்தத் தளத்தில் போட்டால், வங்கிகள் அதை ஏலத்தில் எடுத்து, வட்டியைக் கழித்துக்கொண்டு, ஓரிரு நாளில் உங்களுக்குப் பணம் தரும். கெடு வந்ததும் நிறுவனத்திடம் வங்கி வாங்கிக்கொள்ளும். நிறுவனம் கொடுக்காவிட்டாலும் உங்கள் கழுத்தில் துண்டு விழாது. ஆர்எக்ஸ்ஐஎல், எம்1எக்ஸ்சேஞ்ச், இன்வாய்ஸ்மார்ட் என்று தளங்கள் இருக்கின்றன. வருட விற்பனை 250 கோடிக்கு மேல் உள்ள கம்பெனிகளும் மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களும் இதில் சேர்ந்தே ஆக வேண்டும். சேர்வது வேறு, உங்கள் பில்லை அதில் ஏற்றுக்கொள்வது வேறு. கொட்டேஷன் கொடுக்கும்போதே "டிரெட்ஸில் ஒத்துக்கொள்வீர்களா" என்று கேளுங்கள். இரண்டு வட்டிக்கு வெளியில் வாங்குவதோடு ஒப்பிட்டால் இது பாதிகூட ஆகாது.

கஞ்சமலை அடிவாரமும் டெண்டரும்

சேலத்தில் இருப்பதில் ஒரு வசதி, பக்கத்திலேயே மத்திய அரசு சார்ந்த வாங்குபவர்கள் இருக்கிறார்கள். கஞ்சமலை அடிவாரத்தில் செயில் நிறுவனத்தின் உருக்காலை, 2007-ல் உருவான தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டம். இவர்களுக்கெல்லாம் 2012-ஆம் வருடத்துப் பொதுக் கொள்முதல் கொள்கை பொருந்தும். மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் வருடத்தில் வாங்குவதில் 25 விழுக்காட்டைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். 2019 வரை இது 20 ஆக இருந்தது. அந்த 25-க்குள் பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கு 4, பெண்கள் நடத்துவதற்கு 3. டெண்டர் படிவம் இலவசம், முன்வைப்புத் தொகை கட்ட வேண்டாம்.

இது தவிர 358 பொருட்கள் குறு, சிறு நிறுவனங்களிடம் மட்டுமே வாங்க வேண்டியவை என்று ஒதுக்கப்பட்டிருக்கின்றன. பட்டியலை எழுத்து வரிசையில் படித்துக்கொண்டே போனால் கைவண்டிக்குப் பக்கத்தில், எல்லா வகைக் கையுறைகளும் என்று ஒரு வரி. அக்காவிடம் காட்டினேன். "நம்ம கையுறைக்கு டெல்லியில பட்டா போட்டு வெச்சிருக்காங்களா?" என்று சிரித்தார்.

விலையில் ஒரு சலுகை உண்டு, அதைச் சரியாகப் புரிந்துகொள்வது அவசியம். ஒதுக்கப்படாத ஒரு பொருளுக்கு டெண்டர் வருகிறது. ஒரு பெரிய கம்பெனி 100 ரூபாய் போட்டு முதலில் நிற்கிறது. நீங்கள் 112. நீங்கள் 15 விழுக்காட்டுக்குள் இருப்பதால், "நூறு ரூபாய்க்கு ஒத்துக்கொண்டால் மொத்தத்தில் கால் பங்கு உங்களுக்கு" என்று கேட்பார்கள். 112 கிடைக்காது. நூறுக்குக் கட்டுப்படியானால் மட்டும் இந்தக் கதவு திறக்கும். பதினெட்டு ரூபாய்க் கணக்கை ஒழுங்காகப் போட்டு வைத்தவருக்குத்தான் அன்றைக்குத் தலையாட்டலாமா கூடாதா என்று தெரியும்.

இதற்கெல்லாம் வாசல், 2016-ல் தொடங்கிய ஜெம் என்ற அரசு மின் சந்தை. ரயில்வேக்கு ஐரெப்ஸ் என்று தனித் தளமும் உண்டு. மேட்டூர் அனல்மின் நிலையம் போன்ற மாநில அரசு சார்ந்தவற்றுக்கு மத்தியக் கொள்கை கட்டாயமில்லை. அங்கே 1998-ஆம் வருடத்துத் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் கீழ் தனி விதிகள். தனியார் ஆலைகளுக்கு எந்த விழுக்காடும் கிடையாது, அவர்களாக விரும்பினால்தான்.

"உங்க கம்பெனி யாருடையது?"

அப்படி விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். பன்னாட்டு நிறுவனங்கள் சிலவற்றின் சப்ளையர் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும்: இந்த நிறுவனத்தில் 51 விழுக்காடு பெண்களுடையதா? ஒடுக்கப்பட்ட சமூகத்தினருடையதா? மாற்றுத்திறனாளியுடையதா? இதை சப்ளையர் டைவர்சிட்டி என்பார்கள். அமெரிக்காவில் 1969-ல் நிக்சன் காலத்தில் சிறுபான்மையினரின் தொழில்களுக்கென்று அரசு ஓர் அலுவலகம் திறந்ததிலிருந்து வளர்ந்து வந்த பழக்கம். தலைமையகம் அங்கே இருப்பதால், சென்னை, பெங்களூரு கிளைகளும் வருடத்துக்கு இவ்வளவு இப்படிப்பட்டவர்களிடம் வாங்கினோம் என்று கணக்குக் காட்டும். பெண்கள் நடத்தும் நிறுவனம் என்று சோதித்துச் சான்று கொடுக்க வீகனெக்ட் இன்டர்நேஷனல் போன்ற அமைப்புகள் இந்தியாவிலும் இருக்கின்றன. பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்காக மத்திய அரசு 2016-ல் தேசிய எஸ்சி-எஸ்டி ஹப்பைத் தொடங்கியது. தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் அவர்களுக்கு மூலதனத்தில் 35 விழுக்காடு மானியம் கிடைக்கிறது.

இங்கே ஒரு குடும்ப ரகசியத்தைப் போட்டு உடைக்க வேண்டியிருக்கிறது. நம் ஊரில் எத்தனையோ பட்டறைகள் மனைவி பெயரில் இருக்கும்; அந்த அம்மாவுக்கு மெஷின் எத்தனை என்றுகூடத் தெரியாது. சான்று கொடுக்க வருகிறவர்கள் இதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். பங்கு யாரிடம் என்பதோடு நிற்காமல், செக்கில் கையெழுத்து யாருடையது, விலையை யார் முடிவு செய்கிறார், கடைசியாக வந்த ரிஜெக்‌ஷன் எதற்கு என்று அந்த அம்மாவிடமே கேட்பார்கள். பக்கத்தில் நிற்கும் கணவர் பதில் சொன்னால் முடிந்தது கதை. எங்கள் அக்கா விஷயத்தில் நிலைமை தலைகீழ். மெஷின், கணக்கு, ஆட்கள் எல்லாம் அவர் பார்க்கிறார், உத்யம் மட்டும் வீட்டுக்காரர் பெயரில் எடுத்து வைத்திருந்தார். "ஆம்பள பேருல இருந்தா மதிப்பாங்கன்னு நெனச்சேன்" என்றார். அதை மாற்றியதில் இன்னொரு மாதம் போனது.

இந்த அடையாளம் கதவைத் திறக்கும், உள்ளே உட்கார வைக்காது. சாம்பிள் ஒரு மாதிரியும் மூன்றாவது லோடு வேறு மாதிரியும் இருந்தால் யாருடைய கம்பெனியாக இருந்தாலும் பெயர் அடிபட்டுவிடும்.

ஏற்காட்டில் வறுத்து அரைத்துக் காபித்தூள் விற்கும் ஒருவர் இதை அனுபவித்துச் சொன்னார். சுற்றுலா வருகிறவர்கள் அவர் கடையில் முகர்ந்து பார்த்து வாங்குவார்கள். ஒரு வாரம் கொஞ்சம் கருக வறுத்தால் "ஸ்ட்ராங்கா இருக்கு" என்று பாராட்டுவார்கள். ஒரு அலுவலக கேன்டீனுக்குக் கொடுக்க ஆரம்பித்ததும் அதே கருகலுக்கு நாற்பது கிலோ திரும்பி வந்தது, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி. கேன்டீனுக்கு நல்ல காபி வேண்டாம், நேற்றைய காபியே இன்றைக்கும் வேண்டும். இப்போது ஒவ்வொரு வறுவலுக்கும் நேரம், எடை, தேதி எழுதி வைக்கிறார். பாக்கெட்டில் பேட்ச் எண்ணும் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும், சிக்கரி எத்தனை விழுக்காடு என்பதும் அச்சாகிறது. சட்டப்படி சிக்கரிக் கலவையில் காபி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. வாய்ச்சொல்லாக விற்கும்போது இதை யாரும் கேட்டதில்லை. சிட்கோ தொழிற்பேட்டையில் லேத் வைத்திருப்பவருக்கும் இதே கதைதான்: டிராயிங், மெட்டீரியல் டெஸ்ட் சான்று, அளவுக் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று வருடா வருடம் கேலிபரேஷன். மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டுக்கு மரியாதை இல்லை. தரத்துக்கு ஒரு சான்று வேண்டும், ஐஎஸ்ஓவுக்குக் காசில்லை என்றால் மத்திய அரசின் ஜெட் சான்றின் வெண்கலப் படியிலிருந்து ஆரம்பிக்கலாம்; பெண்கள் நடத்தும் குறு, சிறு நிறுவனங்களுக்கு அதன் கட்டணம் முழுவதும் மானியம்.

நேராகப் பெரிய கேட்டையே குறிவைக்க வேண்டும் என்றும் இல்லை. ஓசூரில் வண்டி செய்யும் கம்பெனிக்கு நேரடியாகப் பாகம் கொடுப்பவருக்கு, துளை போட்டுக் கொடுக்கவும் முலாம் பூசவும் ஆள் தேவை. அவருக்கு சப்ளையராக இருப்பது இரண்டாம் படி. லாபம் கொஞ்சம் குறையும். ஆனால் டிராயிங் படிக்கவும் தேதி காப்பாற்றவும் அங்கே பழகிவிடலாம். அக்காவும் முதலில் அப்படித்தான் போனார். தொழிற்சாலைகளுக்கு ஷூ, ஹெல்மெட் சப்ளை செய்யும் சேலத்துக் கடை ஒன்றுக்கு ஐந்து மாதம் தைத்துக் கொடுத்தார். அந்தக் கடையின் கையுறை எந்த ஆலைக்கெல்லாம் போகிறது, எந்த சூப்பர்வைசர் எதைக் குறை சொல்கிறார் என்பதெல்லாம் அவர் காதுக்கு வந்தது. அங்கிருந்துதான் நூல் கிடைத்தது.

மாசி மாதம் முந்நூறு ஜோடிக்கு டிரையல் ஆர்டர். கேட்டில் இந்த முறை ஆட்டோவை நிறுத்தி, சலானைப் பார்த்து, எண்ணைக் குறித்துக்கொண்டு உள்ளே விட்டார்களாம். பங்குனியில் அக்கா ஒரு காகிதத்தோடு வந்தார். பன்னிரண்டு ஜோடியில் கட்டைவிரல் தையல் நேராக இல்லை என்று 231 ரூபாயைப் பிடித்துக்கொண்டு டெபிட் நோட் போட்டிருந்தார்கள்.

"இருநூத்தி எண்பத்தெட்டு ஜோடிக்குப் பணம் வந்துருச்சுங்ண்ணா, முப்பத்தெட்டாவது நாள். இந்தப் பன்னெண்டையும் புது ஆளு தச்சது, எனக்கே தெரியும்" என்றார். அந்தக் காகிதத்தை மெஷினுக்கு மேலே, அந்தப் பெண்ணின் கண்ணில் படுகிற மாதிரி ஒட்டப் போவதாகச் சொன்னார். பிறகு, ஒரே இடத்துக்கே முழுக்கக் கொடுத்தால் நாளைக்கு அவர்கள் நிறுத்தினால் என்ன செய்வது என்று அவரே கேட்டார். அடுத்த எண்ணுக்கான படிவத்தை அன்றைக்கே நிரப்பத் தொடங்கினோம். பெயர் எல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்ததால் இருபது நிமிடத்தில் முடிந்தது.